பசுவும் கான்ஸ்டபிளும்

விக்டோரியா காலத்து ஆங்கிலக் கிராமத்துக் கான்ஸ்டபிள் பரம சாது என்றே நம்மில் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறோம். நாவல் படித்த தோஷம்! 1856-இல் மாவட்டந்தோறும் போலீஸ் படை கட்டாயமாயிற்று. யாரைக் காக்க? பொது மேய்ச்சல் நிலங்கள் பெரும்பாலும் பண்ணையார்களின் வேலிக்குள் போய்விட்டன. கூலிக்காரன் தன் ஒற்றைப் பசுவைப் பாதையோரப் புல்லுக்குத்தானே ஓட்டுவான்? 1864-ஆம் வருஷத்து நெடுஞ்சாலைச் சட்டம் அதையும் பிடுங்கிற்று. பாதையோரத்தில் மாடு படுத்துக் கிடந்தாலும் குற்றமாம்! தலைக்கு ஐந்து ஷில்லிங் வரை அபராதம்; அவனுக்கு அது ஏறக்குறைய அரைவாரக் கூலி. பவுண்டுக்கு ஓட்டிப்போகும் செலவும் அவன் தலையிலேதான். வண்டிகளுக்கு இடைஞ்சல் என்று சமாதானம் சொல்வார்கள். சரி, இருக்கட்டும். வழக்கைக் கேட்கும் மாஜிஸ்திரேட் யார்? பெரும்பாலும் வேலி போட்ட வர்க்கத்தைச் சேர்ந்த நிலச்சுவான்தாரே! கான்ஸ்டபிள் அவருக்கு சல்யூட் அடித்துவிட்டு, கூலிக்காரனைக் கூண்டில் ஏற்றுவார்.