ஊர்க் கணக்கில் காலனி எங்கே?

ஆலத்தியூர் பக்கம் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்வோம். ஊர்த்தெருவில் 200 வீடு, காலனியில் 100 வீடு. ஊர்த்தெருவில் 180 வீட்டுக்குக் குடிநீர்க் குழாய் உண்டு. காலனியில் 30 வீட்டுக்குத்தான். மொத்தம் 300 வீட்டில் 210. கோப்பில் ‘70 விழுக்காடு’ என்று ஏறும். பரவாயில்லையே என்பார் அதிகாரி. கணக்கில் பொய்யில்லை. ஆனால் ஊருக்கு 90, காலனிக்கு 30 என்பது அந்த எழுபதுக்குள் புதைந்துவிடுகிறது.

விழுக்காடு போடப் பள்ளியில் சொல்லித் தருகிறார்கள். யாரை யாரோடு சேர்த்துப் போட்டது என்று கேட்க நாம்தான் பழக வேண்டும். சிமெண்ட் ஆலைகளின் உற்பத்தியையும் சேர்த்துப் போடும் மாவட்டத் தனிநபர் வருமானமும் இதே கதைதான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பட்டியல் சாதியினர் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 20 பேர். அரியலூர் மாவட்டத்தில் 23, பெரம்பலூரில் 31. ஊராட்சிப் பதவிகளில் நமக்கான இடங்கள் இந்த விகிதத்தைப் பார்த்தே ஒதுக்கப்படுகின்றன. 2021இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கு தள்ளிப்போய் 2027க்கு வந்து நிற்கிறது. கணக்கெடுப்பாளர் சாதி கேட்டால் ‘எஸ்.சி.’ என்று மட்டும் சொல்லி நிறுத்தக் கூடாது. ஆதிதிராவிடர், பறையர் இரண்டும் பட்டியலில் தனித்தனிப் பெயர்கள். ஒரே தெருவில் அண்ணன் ஒன்றும் தம்பி ஒன்றும் சொன்னால் ஒரே மக்கள் இரண்டாகப் பிரிந்து பதிவாவார்கள். சாதிச் சான்றிதழில் உள்ள பெயரையே சொல்லுங்கள். (கிறித்தவரான நம் உறவினரை 1950ஆம் ஆண்டு ஆணை பட்டியலுக்கு வெளியே நிறுத்தியிருப்பது தனி வழக்கு.)

அந்தக் கணக்கும் கிராமத்தோடு நின்றுவிடும், தெருவுக்கு வராது. தெருக் கணக்கை நம் கல்லூரிப் பிள்ளைகள் எடுக்கலாம். ஒரு நோட்டு போதும். எல்லா வீட்டிலும் ஒரே கேள்வியை ஒரே மாதிரி கேட்க வேண்டும். ‘குழாய் இருக்கிறதா’ என்று கேட்டால் இருக்கிறது என்பார்கள். ‘நேற்று தண்ணீர் வந்ததா, எத்தனை குடம்’ என்று கேளுங்கள். பகலில் போனால் நூறு நாள் வேலைக்குப் போனவர்கள் வீடு பூட்டிக் கிடக்கும். பூட்டிய வீட்டை விட்டுவிட்டால் கூலிக்குப் போகிறவர் கணக்கிலேயே இருக்கமாட்டார். சாயங்காலம் மறுபடி போங்கள். ஊர்த்தெருவிலும் இதையே கேட்டு எழுதுங்கள். ஒப்பிட எதிர்ப்பக்கம் இல்லாமல் நம் எண் மட்டும் நின்றால் வெறும் புகார் என்று தள்ளிவிடுவார்கள்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்றும் கிராம சபை கூடுகிறது. இரண்டு தெருவின் எண்ணையும் அங்கே வாசித்து, தீர்மானப் புத்தகத்தில் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.