பழந்துணியும் தென்னங்கன்றும்

கடலினின்று தொலைவில் வாழும் கொங்கு மக்களாகிய நமக்குப் புயல் என்பது பெரும்பாலும் செய்தித்தாளில் வரும் ஒரு பெயரே. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது நாம் உறங்கிக்கொண்டிருந்தோம். அங்கோ, கதவை அடைத்துக்கொண்டு, ஓடுகள் பறக்கும் ஓசையைக் கேட்டபடி குடும்பங்கள் விழித்திருந்தன. விடிந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணித் தோப்புகளில் தென்னைகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. 1 இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் வீழ்ந்திருந்தன.

நாம் செய்தது என்ன? அரிசியும் பாயும் அனுப்பிய நல்லோர் உண்டு. ஆயினும், பெட்டியில் கிடந்த கிழிசல் துணிகளை மூட்டை கட்டி லாரியில் ஏற்றிவிட்டுக் கடமை முடிந்தது என்று கை கழுவியோரும் நம்மிடையே உண்டு. இதனை ஈகை என்பது ஈகைக்கே இழுக்கு!

பொள்ளாச்சியிலும் ஆனைமலையிலும் தோப்பு வைத்திருப்போர் அறிவர்: நெட்டை இரகத் தென்னங்கன்று காய்க்க 5 முதல் 7 ஆண்டுகள் ஆகும். நிவாரண லாரி சில நாள்களில் திரும்பிவிடும். வருமானமற்ற ஆண்டுகளோ அதன் பின்னரே தொடங்குகின்றன. அவ்வாண்டுகளில் பிள்ளைகளின் படிப்புக்கும் கடன் தவணைக்கும் யார் துணை?

அடுத்த புயலின்போது ஒரு பங்கு ஒரு குடும்பத்தையேனும், நட்ட கன்று பாளை விடும்வரை தாங்கட்டும். பழந்துணி நம் வீட்டிலேயே இருக்கட்டும்.