ஆறும் வழியும்: எளிய பாதை ஒன்று எவ்வாறு எளிதாகிறது?

தமிழில் 'ஆறு' என்னும் சொல்லுக்கு நதி என்றும் வழி என்றும் பொருள் உண்டு. பத்துப்பாட்டுள் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை வகையின. அங்கே ஆறு என்பது வழி. இரு பொருளும் ஒரே சொல்லில் குடியிருப்பதைக் காண்பவர்க்கு, முன்னோர் ஆற்றையே வழியாகக் கருதினர் என்று முடிவுகட்டத் தோன்றும். மொழியியல் அதற்கு இடம் தருவதில்லை. நதியைக் குறிக்கும் சொல்லுக்குப் பழந்தமிழில் 'யாறு' என்னும் வடிவம் உண்டு. வழியைக் குறிக்கும் சொல்லுக்கு அவ்வடிவம் இல்லை. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி இரண்டையும் தனித்தனிப் பதிவுகளாகவே தருகிறது. சொல்முதல் யகரம் மறைந்தபோது வெவ்வேறு பிறப்புடைய இரண்டு சொற்கள் ஓருருவம் பெற்றன.

நிலத்திலும் நிலைமை இதுதான். ஆறு தானாக வழியாகிவிடுவதில்லை. அதன் கரையில் ஒரு குழந்தை அச்சமின்றி மிதிவண்டி ஓட்ட முடிகிறது என்றால், அதற்குப் பின்னால் யாரோ எடுத்த முடிவுகள் உள்ளன. இந்திய நகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆற்றங்கரை மேம்பாட்டுத் திட்டங்களை அறிவித்துவரும் இக்காலத்தில், அம்முடிவுகள் எவை என்று பார்ப்பது பயனுடையது.

குடும்பத்தோடு செல்லத்தக்க ஆற்றோர மிதிவண்டிப் பாதை என்றதும் ஐரோப்பாவில் முதலில் நினைவுக்கு வரும் பெயர்களுள் ஒன்று டான்யூப் பாதை. ஜெர்மனியின் பஸ்ஸாவ் நகரில் தொடங்கி ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா வரை செல்லும் பகுதி ஏறத்தாழ 320 கி.மீ. நீளமுடையது. நாளொன்றுக்கு 45 கி.மீ. என்று சென்றால் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். ஆஸ்திரியாவுக்குள் ஏறக்குறைய 350 கி.மீ. ஓடும் ஆறு, அத்தொலைவு முழுவதிலும் 150 மீட்டர் அளவே இறங்குகிறது. கிலோமீட்டருக்கு அரை மீட்டர்கூட இல்லை. ஆற்றின் திசையிலேயே செல்பவர் ஏற்றத்தை உணர்வது அரிது. பயண நூல்கள் இப்பாதையை எளிது என்று சொல்லும்போது பெரும்பாலும் இச்சரிவையே காரணமாகக் காட்டுகின்றன.

ஆனால் சரிவு மட்டும் போதுமெனில், கங்கைச் சமவெளி உலகின் மிகச் சிறந்த மிதிவண்டிப் பாதையாக இருந்திருக்க வேண்டும். வேறு காரணங்கள் உள்ளன. அவற்றுள் முதலாவது கரையின் உடைமை. நீராவிக் கப்பல்கள் வருவதற்கு முன்பு, ஓட்டத்துக்கு எதிராகச் செல்லும் சரக்குப் படகுகளைக் கரையிலிருந்து குதிரைகள் கயிறு கட்டி இழுத்தன. அதற்கென ஆற்றை ஒட்டி ஒரு தடம் இருந்தது. ஜெர்மன் மொழியில் அதற்குத் 'திரெப்பெல்வேக்' என்று பெயர். 1829-இல் வியன்னாவில் டான்யூப் நீராவிக் கப்பல் நிறுவனம் தோன்றிய பின், காலப்போக்கில் குதிரைகளுக்கு வேலை இல்லாமற் போயிற்று. ஆயினும் தடம் பொதுவுடைமையாகவே நீடித்தது. நீர்வழியைப் பராமரிக்கும் பொறுப்புடைய அமைப்பின் கையில் இன்றும் உள்ளது. 20ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் மிதிவண்டிகளுக்கு அதைத் திறந்துவிட முடிந்தது என்றால், திறந்துவிடுவதற்கு அது மிச்சமிருந்தது என்பதே காரணம். ஒரு தலைமுறைக்குப் பயன்படாத பொதுநிலத்தை விற்காமல் வைத்திருந்ததன் பலனை அடுத்தடுத்த தலைமுறைகள் பெற்றன.

இரண்டாவது காரணம் அவ்வளவு இனிமையானதன்று. பாதையின் நெடுந்தொலைவு, நீர்மின் நிலையங்களுக்காக எழுப்பப்பட்ட கரைகளின்மீதும் அவற்றை ஒட்டியும் செல்கிறது. 1950களில் தொடங்கி ஆஸ்திரிய டான்யூபில் வரிசையாக அணைகள் கட்டப்பட்டன. இன்றைக்கு மிதிவண்டியில் செல்லும் குடும்பம் இப்ஸ்-பெர்சன்பாய்க் போன்ற இடங்களில் அணையின் மேலேறியே மறுகரை சேர்கிறது. பாதையின் சமதளம் ஓரளவுக்கு அடக்கப்பட்ட ஆற்றின் சமதளமே. மீன்கள் இடம்பெயரும் வழி தடைபட்டதும், கரையோரக் காடுகள் வெள்ள நீரை இழந்ததும் அதே பொறியியலின் விளைவுகள். எளிமைக்கு விலை உண்டு; பல வேளைகளில் அவ்விலையைக் கொடுப்பது பாதையில் செல்பவர் அல்லர்.

அந்த விலைக்கு ஓர் எல்லை வகுக்கப்பட்டதும் இவ்வாற்றின் வரலாற்றிலேயே உள்ளது. மெல்க் நகருக்கும் கிரெம்ஸ் நகருக்கும் இடைப்பட்ட வாகாவ் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டங்கள் படிப்படியாக மலைச்சரிவில் ஏறுகின்றன. ஆப்ரிகாட் பழமரங்கள் கரையோரம் நிற்கின்றன. ஏறத்தாழ 36 கி.மீ. நீளமுள்ள இப்பள்ளத்தாக்கிலும் மின்நிலையம் அமைக்கத் திட்டமிடப்பட்டது. மக்கள் எதிர்ப்பால் அது கைவிடப்பட்டது. வியன்னாவுக்குக் கிழக்கே ஹைன்பர்க் அருகில் அணை கட்டும் முயற்சியை எதிர்த்து 1984 டிசம்பரில் ஆயிரக்கணக்கானோர் கடுங்குளிரில் ஆற்றங்கரைக் காட்டுக்குள் தங்கினர், பணி நிறுத்தப்பட்டது. 1996-இல் அப்பகுதி தேசியப் பூங்காவாயிற்று. வாகாவ் 2000-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது. ஆஸ்திரிய டான்யூபில் தடையின்றி ஓடும் நீர் எஞ்சியிருப்பது இவ்விரு பகுதிகளில்தான். பயணிகள் மிகவும் விரும்பிச் செல்லும் வாகாவ், ஒரு காலத்தில் வளர்ச்சிக்குத் தடையாக நின்றவர்கள் காப்பாற்றிக் கொடுத்த இடம்.

மூன்றாவது காரணம் திரும்பி வரும் வழி. குழந்தையோடு செல்பவருக்குத் தூரத்தைவிடப் பெரிய அச்சம், நடுவழியில் குழந்தை களைத்துப்போனால் என்ன செய்வது என்பதுதான். டான்யூபின் கரையை ஒட்டியோ சற்றுத் தள்ளியோ ரயில் பாதை பெரும்பகுதி உடன்வருகிறது. ரயில்களில் மிதிவண்டியை ஏற்றலாம். வாகாவில் பயணிகள் கப்பலிலும் ஏற்றலாம். ஆறு மலைகளுக்கிடையே வளைந்து திரும்பும் ஷ்லோகன் பகுதியில் மிதிவண்டிக்காரர்களை மறுகரை சேர்க்கச் சிறு தோணிகள் உள்ளன. சட்டமும் உடன்வருகிறது. ஆஸ்திரியாவில் 12 வயதுக்குட்பட்டோர் மிதிவண்டியில் தலைக்கவசம் அணிவது 2011 முதல் கட்டாயம். பள்ளிப் பருவத்திலேயே மிதிவண்டித் தேர்வில் தேறிய குழந்தை, 12 வயது நிறைவதற்கு முன்பே பொதுச்சாலையில் தனியே ஓட்டலாம். குழந்தையைச் சாலையிலிருந்து விலக்கி வைப்பதற்கு மாறாக, சாலைக்கு உரியவராக அதை அணியப்படுத்தும் ஏற்பாடு இது.

'குடும்பத்துக்கு ஏற்றது' என்னும் தொடர் பெரும்பாலும் இடர் இல்லாதது, மனத்தை உறுத்தாதது என்ற பொருளில் வழங்குகிறது. டான்யூப் பாதை அப்பொருளுக்கு அடங்குவதில்லை. லின்ஸ் நகரைக் கடந்து சென்றால் ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில் மவுத்ஹவுசன் என்னும் சிற்றூர் வருகிறது. அதன் மேலுள்ள குன்றில், கல்குவாரியை ஒட்டி, 1938 ஆகஸ்டில் நாஜிகள் வதைமுகாம் ஒன்றை அமைத்தனர். முகாமிலும் அதன் கிளைகளிலும் ஏறத்தாழ 1,90,000 பேர் அடைக்கப்பட்டனர். குறைந்தது 90,000 பேர் உயிரிழந்தனர். குவாரியிலிருந்து கைதிகள் கற்களைச் சுமந்தேறிய 186 படிகள் உள்ளன. 1945 மே 5 அன்று அமெரிக்கப் படை முகாமை விடுவித்தது. ஆற்றோரப் பாதையிலிருந்து நினைவிடத்துக்குச் செல்ல விரும்புவோர் செங்குத்தாக ஏறியாக வேண்டும். எளிய பாதையில் அமைந்த இக்கடின ஏற்றத்தை மறைக்க யாரும் முற்படவில்லை; வழிகாட்டிப் பலகை உண்டு, குழந்தையோடு ஏறுவதா என்னும் முடிவு பெற்றோருடையது. பள்ளத்தாக்கின் வரலாற்றை மறைத்துத்தான் அதைக் குடும்பங்களுக்கு ஏற்றதாக்க வேண்டும் என்பதில்லை.

இனி இந்தியா. ஆற்றங்கரை மேம்பாட்டுக்கு முன்மாதிரியாக இங்குக் காட்டப்படுவது அகமதாபாதின் சாபர்மதி ஆற்றுமுகப்பு. இருகரையிலும் 11 கி.மீ.க்கும் மேலாக நீளும் இத்திட்டத்தின் நடைபாதை 2012-இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. அதற்காக ஆற்றின் அகலம் ஒரே சீராக 263 மீட்டர் என வரையறுக்கப்பட்டது. நர்மதைக் கால்வாயின் நீர் ஆற்றில் விடப்பட்டது. கரையில் வாழ்ந்த 10,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் அகற்றப்பட்டன. அவற்றுள் பல நகரின் விளிம்புகளில் குடியமர்த்தப்பட்டன. மாலையில் காற்று வாங்க வரும் குடும்பங்களுக்கு அது நல்ல இடம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது காண்பதற்கான கரை. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு, வீட்டிலிருந்து பள்ளிக்கு, பள்ளியிலிருந்து சந்தைக்கு என்று எங்கும் கொண்டுசேர்க்கும் கரையாக அது திட்டமிடப்படவில்லை. டான்யூப் பாதையின் சிறப்போ அழகிலன்று, தொடர்ச்சியில் உள்ளது.

மிதிவண்டிப் பயணம் வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு, இந்தியாவுக்கு அது ஏன் என்று கேட்கலாம். இந்தியாவில் உண்மை நேர்மாறானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் 44.8 விழுக்காட்டு வீடுகளில் மிதிவண்டி இருந்தது. பீகார் அரசு 2006-இல், ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவியர்க்கு மிதிவண்டி வாங்கப் பணம் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் 2017-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மாணவியரின் உயர்நிலைப்பள்ளிச் சேர்க்கை 32 விழுக்காடு உயர்ந்தது. சேர்க்கையில் இருந்த பாலின இடைவெளி 40 விழுக்காடு குறைந்தது. பள்ளி தொலைவில் அமைந்த ஊர்களிலேயே பயன் மிகுதியாக இருந்தது. அதே பீகாரில் கோசி ஆற்றின் வெள்ளத்தடுப்புக் கரைகளின் முகடு சுற்றியுள்ள ஊர்களுக்குச் சாலையாகவும் பயன்படுகிறது. ஆற்றுப் பள்ளத்தாக்கு, சமதளம், மிதிவண்டி, குழந்தை ஆகிய நான்கும் அங்கு ஏற்கெனவே உள்ளன. பாதுகாப்பான, தொடர்ச்சியான பாதை மட்டும் வந்துசேரவில்லை. 2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1.68 லட்சம் பேர் உயிரிழந்த நிலையில், அப்பாதையை ஆடம்பரம் என்று ஒதுக்குவதற்கில்லை.

பருவமழை ஆறுகளின் கரையில் பாதை நிலைக்குமா என்பது மற்றொரு தடை. டான்யூபும் பெருக்கெடுக்கும் ஆறுதான். 2013 ஜூனில் பஸ்ஸாவ் நகரம் 1501-க்குப் பின் காணாத வெள்ளத்தைக் கண்டது. பாதை நீரில் மூழ்கும், மூடப்படும், சேறு அகற்றப்பட்டுத் திறக்கப்படும். சில நாட்கள் மூழ்குவதற்கு இடங்கொடுக்கும் எளிய பாதை, ஆற்றை என்றும் நெருக்கி நிற்கும் கான்கிரீட் சுவரைவிடச் செலவு குறைந்தது; ஆற்றுக்கும் நல்லது.

ஆகவே ஆற்றங்கரைத் திட்டங்களை மதிப்பிடும் நகரமைப்புத் துறைகளும் ஆய்வாளர்களும் கேட்க வேண்டியவை சில உள்ளன. கரை யாருடைய உடைமையாக இருக்கப் போகிறது? அங்கு முன்பே வாழ்ந்தவர்கள் அதைப் பயன்படுத்துவோருள் இருப்பார்களா? ஆற்றுக்குப் பரந்து ஓட இடம் விடப்பட்டுள்ளதா? எட்டு வயதுக் குழந்தை ஒன்று தன் பாட்டியுடன் அவ்வழியே மிதிவண்டியில் சென்று, போகவேண்டிய இடத்தை அடைந்து, களைத்தால் வேறு வழியில் வீடு திரும்ப முடியுமா? திட்ட அறிக்கைகளில் எத்தனை இருக்கைகள், எத்தனை விளக்குகள் என்னும் கணக்கு இடம்பெறுகிறது. கடைசி வினாவுக்கான விடையும் அங்கே இடம்பெற வேண்டும்; அதற்கு 'ஆம்' என்று எழுத முடியாத திட்டம் ஆற்றங்கரையில் கட்டப்பட்ட கட்டடமாக மட்டுமே நிற்கும்.