லயமே பிணை

போனக்காட்டுக்கு வெளியூர்க்காரர்கள் இரண்டு காரணங்களுக்காக வருகிறார்கள்: அகஸ்தியர்கூடம் ஏற, அல்லது 'பேய் பங்களா' பார்க்க. முடங்கிப்போன தேயிலைத் தோட்டத்தின் லயங்களில் கிராஜுவிட்டிக்குக் காத்திருக்கும் தமிழ்த் தொழிலாளர்களை எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. (பேய்க்கு இருக்கும் மவுசு!)

ஓய்வுக்காலப் பணத்தில் பங்குக்கு இவ்வளவு, டெபாசிட்டுக்கு இவ்வளவு என்று யோசனை சொல்வது சுலபம். பணம் கைக்கு வந்துவிட்டது என்ற அனுமானத்தில்தான் அந்த யோசனைகளெல்லாம் நிற்கின்றன. இங்கே தோட்டம் நொடித்தபோது, ஓய்வு வயதுக்கு முன்பே பலருக்கு வேலை போனது, பணம் வரவில்லை.

எவ்வளவு பணம்? 1972 கிராஜுவிட்டி சட்டம் வகுத்த கணக்குப்படி ஆண்டுக்கு 15 நாள் கூலி. 30 ஆண்டு கொழுந்து பறித்தவருக்கு 450 நாள் கூலி. மாதத்துக்கு 26 வேலைநாள் என்றால் பதினேழு மாதச் சம்பளம். அதை வைத்து இருபது ஆண்டு ஓட்ட வேண்டும். பி.எஃப். பென்ஷனுக்கு 2014-இல் நிர்ணயித்த குறைந்தபட்சத் தொகையோ மாதம் 1,000 ரூபாய்.

காலி செய்தால் பாக்கியும் போய்விடுமோ என்ற பயத்தில் லயத்தையே பிணையாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கையிருப்பு ஏதாவது இருந்தால் ஒழுகும் கூரைக்குத் தார்ப்பாய் வாங்கவே சரியாகிவிடும். வீடோ அவர்களுடையதல்ல.

பணம் வருகிறவர்களுக்கு ஒரு தகவல்: 55 வயதுக்கு மேல் ஓய்வு பெற்றவர்கள், ஓய்வுப் பணம் கிடைத்த மூன்று மாதத்துக்குள் தபால் நிலையத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் சேரலாம், அறுபது வரை காத்திருக்க வேண்டாம். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அல்ல, பணம் கைக்கு வந்த நாளிலிருந்துதான் கெடு தொடங்குகிறது. போனக்காட்டில் அது இன்னும் தொடங்காதவர்கள் இருக்கிறார்கள்.