இயந்திரம் கணித்த ஜாதகம்

2020-ம் வருஷம் கொரோனா நோயை முன்னிட்டு இங்கிலாந்து சர்க்கார் பள்ளி இறுதிப் பரீட்சைகளை ரத்து செய்தார்கள். சர்வகலாசாலைக்குப் போக வேண்டிய பிள்ளைகள் எழுதும் 'ஏ லெவல்' பரீட்சையும் அதோடு நின்றது. பரீட்சை நின்றாலும் கிரேடு வேண்டுமே! ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன கிரேடு வரும், வகுப்பில் எத்தனையாவது என்று உபாத்தியாயர்களிடம் எழுதி வாங்கினார்கள். அவர்கள் தாராளமாய்ப் போட்டு விடுவார்களென்று பயந்து, 'ஆஃப்க்வால்' என்னும் பரீட்சைக் கண்காணிப்பு இலாகா ஒரு கம்ப்யூட்டர் கணக்கைப் புகுத்திற்று. ஆகஸ்டு 13-ந் தேதி முடிவு வந்தபோது, உபாத்தியாயர்கள் போட்ட கிரேடுகளில் 100-க்குச் சுமார் 39 குறைக்கப்பட்டிருந்தன.

அக்கணக்கின் யோக்கியதையைப் பாருங்கள். பெரிய வகுப்பானால் உபாத்தியாயர் போட்ட கிரேடைத் தள்ளிவிட்டு, வரிசையை மாத்திரம் எடுத்துக் கொண்டது. அந்தப் பள்ளிக்கூடத்தில் முந்தின 3 வருஷங்களில் எத்தனை பேர் எந்தக் கிரேடு வாங்கினார்களென்று பார்த்தது. இவ்வருஷத்துப் பிள்ளைகளின் பழைய பரீட்சை மார்க்குகளைக் கொண்டு அதில் சிறிது கூட்டிக் குறைத்தது. பிறகு பந்தி பரிமாறுவது போல் வரிசைப்படி கிரேடுகளை வைத்துக்கொண்டே போயிற்று. இதுவரை உயர்ந்த கிரேடே கண்டிராத பள்ளிக்கூடத்தில் ஒரு கெட்டிக்காரப் பெண் இருந்தால் அவள் கதி என்ன? அவளுக்கு முன் படித்துப் போனவர்கள் வாங்கியதுதான் அவளுக்கும்! இன்ன குடும்பத்தில் பிறந்தவனுக்கு இவ்வளவுதான் புத்தி என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஜோசியனுக்காவது தட்சணையோடு போய்விடும்.

5 பேருக்கு மேற்படாத வகுப்பானால் உபாத்தியாயர் சொன்னதே நிலைத்தது. அப்படிச் சிறு வகுப்புகள் அதிகம் எங்கே? பணம் கட்டிப் படிக்கும் பள்ளிக்கூடங்களில். 'ஏ' கிரேடும் அதற்கு மேலும் வாங்கினவர்கள் அங்கே முந்தின வருஷத்தைவிட 100-க்கு 4.7 கூடினார்கள், சர்க்கார் பொதுப் பள்ளிகளிலோ 2 தான்.

பிள்ளைகள் தெருவுக்கு வந்து கூச்சல் போட்ட பிறகு, 17-ந் தேதி கணக்கை வாபஸ் வாங்கினார்கள். கணக்குதான் திரிந்துபோய் விட்டது என்று பிரதம மந்திரி ஜான்சன் பழியை அதன் தலையில் போட்டார். முந்தின வருஷங்களையொட்டியே கிரேடு இருக்க வேண்டுமென்று உத்தரவு கொடுத்தது யார்? இவருடைய மந்திரிதானே!

இதனால் உபாத்தியாயரெல்லாம் தர்மதேவதைகள் என்று நாம் சொல்ல வரவில்லை. 2021-ல் அவர்கள் தீர்ப்பே முடிவாக இருந்தது. பணக்காரப் பள்ளிகளில் 100-க்குச் சுமார் 70 கிரேடுகள் 'ஏ'யும் அதற்கு மேலும். பொதுப் பள்ளிகளில் 39. அபிமானம், தாட்சண்யம், பெற்றோர் நெருக்குதல் எல்லாம் மனிதனுக்கு உண்டு. ஆனால் உபாத்தியாயரிடம், "என் பேப்பரில் எது தப்பு?" என்று கேட்கலாம். அவரும் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். கம்ப்யூட்டரிடம் எதைக் கேட்பது? அது பேப்பரையே பார்க்கவில்லையே! கணக்கின் முழு விவரம் முடிவு வந்த அன்றுதான் 300 பக்கங்களுக்கு மேல் வெளிவந்தது. அப்பீல் செய்யவும் பிள்ளைக்குப் பாத்தியதையில்லை. பள்ளிக்கூடம்தான் செய்ய வேண்டும் என்றார்கள்.

கணக்கை வாபஸ் வாங்குவதற்குள் நடுவில் போன 4 நாட்களில் பல சர்வகலாசாலைகளில் இடம் நிரம்பி விட்டது. சில பிள்ளைகளை அடுத்த வருஷம் வரச் சொல்லி அனுப்பினார்கள்.