கடனுக்குக் கெடு உண்டு, சர்வருக்கு?

நான் படித்தது பி.காம், கம்ப்யூட்டர் பண்டிதன் இல்லை. ஆனால் மட்டாஞ்சேரியில் மிளகு வியாபாரிக்குக் கடன் கொடுத்தாலும், கெடு தேதி எழுதாமல் கையெழுத்து வாங்கமாட்டோம். சர்வர் மென்பொருள் விற்பவர்கள் பலர், ராம் இவ்வளவு, டிஸ்க் இவ்வளவு, விண்டோஸ் அல்லது லினக்ஸ் என்று பட்டியல் நீட்டுகிறார்கள். அந்த இயங்குதளத்தின் ஆயுள் எதுவரை என்று மட்டும் மூச்சு விடுவதில்லை.

விண்டோஸ் சர்வர் 2012-க்குக் கூடுதல் காசில்லாமல் வந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2023 அக்டோபர் 10-உடன் நின்றன. "லினக்ஸ் போட்டால் தொல்லையில்லை" என்பவர்களுக்கு: 2029 வரை என்றிருந்த சென்ட்ஓஎஸ் 8, 2021 டிசம்பர் 31-லேயே கைவிடப்பட்டது. தேதி மாறும் என்பது சாக்கல்ல; மாறினால் சொல்லுங்கள்!

திருத்தம் நின்ற சர்வரில் ஓட்டை விழுந்தால், போவது ஜனங்களின் சேமிப்பு. கெடு தேதி போடாத கொட்டேஷனை வங்கிகள் திருப்பி அனுப்பவேண்டும். என்ன சொல்கிறீர்கள்?