பாங்கொக்: ஐந்து மாதமும் நாலு நாளும்

பாங்கொக்குக்கு நான் இரண்டு தரம் போயிருக்கிறேன். முதல் தரம் 2007இல் போய் ஐந்து மாதம் இருந்தேன். அடுத்தது 2024 ஆடி மாதம், மனிசி பிள்ளைகளோடு நாலு நாள். ஐந்து மாதத்தில் நான் பார்த்தது ஒரு அறை, ஒரு யன்னல், கீழே ஒரு கடை, ஒரு கோயில். அவ்வளவுதான். நாலு நாளில் பார்த்ததைச் சொல்ல வெளிக்கிட்டால் விடிந்துவிடும்.

இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பாரிசிலிருந்து ஊருக்குப் போகிற எங்கட சனம் கனபேர் போகிற வழியில் பாங்கொக்கில் இரண்டு மூன்று நாள் நிற்கிறார்கள். வந்த பிறகு "என்ன பார்த்தனீங்கள்?" என்று கேட்டால் பிரத்துனாமில் உடுப்பு மலிவு, எம்பிகேயில் பாக் மலிவு, ஹோட்டலில் நீச்சல் தடாகம் நல்லது என்கிறார்கள். இது ஒரு பகுதி. மற்றப் பகுதி என்னைப்போல முந்தி அங்கே அடைபட்டுக் கிடந்த ஆட்கள். எங்கட குசினியில் என்னோடு நிற்கிற அண்ணை ஒருவர் அங்கே எட்டு மாதம் இருந்தவர். நான் ரிக்கற் போட்டிருக்கிறேன் என்றதும் கையிலிருந்த சட்டியை வைத்துவிட்டு, "உனக்கென்ன விசரே? அந்த நரகத்துக்கு ஆரும் காசு குடுத்துத் திரும்பப் போவினமே?" என்று கேட்டார்.

இரண்டு பகுதியும் பிழை விடுகிறது என்பதுதான் என்னுடைய அபிப்பிராயம்.

முதலில் 2007. நான் யாழ் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன், இரண்டாம் வருசம். 2006 ஆவணியில் முகமாலையில் சண்டை தொடங்கி ஏ9 பாதை பூட்டப்பட்டது. அதோடு என்னுடைய படிப்பும் பூட்டப்பட்டது. காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்குக் கப்பல், பிறகு கொழும்பு லொட்ஜ், காணியை ஈடு வைத்து ஏஜென்சிக்குக் காசு. பாங்கொக்கில் இறங்கும்போது என்னுடைய பாஸ்போட்டில் இருந்தது சுற்றுலா விசா. அப்படிப் பார்த்தால் நானும் அந்த நகரத்துக்கு வந்த ஒரு சுற்றுலாப் பயணிதான்!

ஒன்னுட் என்ற இடத்தில் நாலாம் மாடியில் ஒரு அறை. ஏழு பேர். விசா முடிந்த நாளிலிருந்து வெளியே போகக்கூடாது என்று ஏஜென்சிக்காரன் சொல்லிவிட்டான். யன்னலால் பார்த்தால் வான்ரயில் தெரியும். அந்தக் காலத்தில் அந்தப் பாதை ஒன்னுட்டோடு முடிந்துவிடும். இரவில் வெளிச்சம் போட்ட பெட்டிகள் ஆகாயத்தில் வந்து நிற்கும், திரும்பிப் போகும். நாங்கள் அதை எண்ணிக்கொண்டு இருப்போம். ஒருநாளும் ஏறவில்லை.

எங்களோடு மன்னார்ப் பக்கத்துப் பொடியன் ஒருவன் இருந்தான். பத்தொன்பது வயசு. அருவியாற்றில் குளித்து வளர்ந்தவன். அவனுக்கு ஒரே கேள்விதான். "அண்ணை, இவ்வளவு பெரிய பட்டினத்தில ஒரு ஆறு இருக்குமெல்லோ? எந்தப் பக்கம் இருக்கும்?" யாழ்ப்பாணத்தானுக்கு ஆற்றைப் பற்றி என்ன தெரியும், நான் சும்மா ஒரு திசையைக் காட்டினேன். ஒருநாள் ரெலிபோன் காட் வாங்கப் போனவன், போகும்போது "ஆத்தையும் ஒருக்கா பாத்திட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனான். வரவில்லை. விசா இல்லையென்று பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பதினொரு மாதம் தடுப்பில் இருந்து ஊருக்குத் திரும்பினான் என்று பிறகு கேள்விப்பட்டேன். 2009க்குப் பிறகு அவனைப் பற்றி ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

ஆகையால் 2024இல் விமானம் இறங்கி, பிரெஞ்சு பாஸ்போட்டைக் காட்டி, விசாவே இல்லாமல் ஒரு நிமிசத்தில் வெளியே வந்த அடுத்தநாள் காலமை, நான் முதலில் போனது ஆற்றுக்குத்தான்.

சாவோ பிரயா ஆறு. வான்ரயிலில் சபான் தக்சின் என்ற தரிப்பில் இறங்கினால் கீழே சாதோர்ன் படகுத்துறை. அங்கே சுற்றுலாப் படகுக்கு ரிக்கற் விற்கிறவர்கள் உங்களைப் பிடித்து இழுப்பார்கள். போகாதீர்கள். செம்மஞ்சள் கொடி கட்டிய படகு வரும், வேலைக்குப் போகிற சனமும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பிக்குமாரும் ஏறுகிற படகு. ஆளுக்கு இருபது பாத்தும் வராது. நடத்துனர் பெண் தகர டப்பாவைக் கிலுக்கிக்கொண்டு வருவா. எங்கட ஊர் மினிபஸ் ஞாபகம் வரும். மகள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, "அப்பா, நீங்கள் முந்தி இஞ்ச இருந்தனீங்கள்தானே, இதில எத்தனை தரம் போனனீங்கள்?" என்று கேட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. மனிசி என்னைப் பார்த்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பினா.

தா தியன் துறையில் இறங்கி எதிர்க்கரைக்குப் போனால் வாட் அருண். இரண்டாம் இராமர் தொடங்கி மூன்றாம் இராமர் காலத்தில் முடித்த பெரிய கோபுரம். தூரத்தில் பார்க்கக் கல்லு மாதிரி இருக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் எல்லாம் கோப்பைத் துண்டு! சீனத்திலிருந்து வந்த பீங்கான் தட்டுகளும் உடைந்த துண்டுகளும் சுண்ணாம்பில் பதித்துப் பூவும் இலையுமாகச் செய்திருக்கிறார்கள். நான் பாரிசில் முதல் ஆறு வருசம் கோப்பை கழுவினவன். உடைத்த கோப்பைக்கு முதலாளியிடம் வாங்கின பேச்சுக்குக் கணக்கில்லை. உடைந்த கோப்பையை வைத்து ஒரு கோபுரமே கட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்திருந்தால் அந்த மனிசனுக்குச் சொல்லியிருப்பேன். கனநேரம் அதில் நின்றுவிட்டேன்.

இக்கரையில் வாட் போவும் பெரிய அரண்மனையும். வாட் போவில் 46 மீற்றர் நீளத்துக்குப் படுத்திருக்கிற புத்தர். கால் பாதத்தில் சிப்பி பதித்து 108 சின்னங்கள். பின்பக்கம் வரிசையாக 108 வெண்கலக் கிண்ணங்கள், சில்லறைக் காசை ஒவ்வொன்றிலும் போட்டுக்கொண்டு போகவேண்டும். அந்தச் சத்தத்துக்காகவே பிள்ளைகளைக் கூட்டிப்போகலாம். அரண்மனைக்கு வெளிநாட்டவருக்கு 500 பாத். காலமை எட்டரைக்குத் திறக்கும்போதே போங்கள், முழங்கால் மூடின உடுப்போடு போங்கள். வாசலுக்குக் கிட்ட ஒருவன் வந்து "இன்றைக்கு அரண்மனை பூட்டு, வா வேற இடம் காட்டுகிறேன்" என்பான். அவனுடைய துக்துக் உங்களை இரத்தினக்கல் கடையில் கொண்டுபோய் விடும். காது கேளாத மாதிரி நடவுங்கள்.

உள்ளே எல்லாரும் மரகதப் புத்தரைப் பார்க்க ஓடுவார்கள். அவர் 66 சென்ரிமீற்றர்தான், வருசத்தில் மூன்று தரம் அரசர் உடுப்பு மாற்றிவிடுவார். நான் சொல்வது சுற்று மண்டபத்துச் சுவர். அதில் 178 படமாக இராமகியன் கதை, அவர்களுடைய இராமாயணம். அங்கே இராவணனுக்குத் தொசகான் என்று பேர், இலங்கைக்கு லொங்கா. அனுமார் எங்கட அனுமார் மாதிரிப் பிரமச்சாரி இல்லை, பெண்கள் விசயத்தில் ஆள் வலு சுழியன். மகன் கேட்டான், "அப்பா, இதில நாங்கள் ஆற்ற பக்கம்?" தகப்பன் லொங்காக்காரன் என்று சொன்னேன்.

கடை பார்க்கப் போகிறவர்கள் கட்டாயம் தவறவிடுகிற இடம் ஒன்று இருக்கிறது. வாட் சுதாத் விகாரைக்கு முன்னால் சிவப்புத் தூண்களாக நிற்கிற பெரிய ஊஞ்சல். 1784இல் முதலாம் இராமர் காலத்தில் நிறுத்தியது. முந்தி அதில் ஆட்கள் ஏறி ஆடுவார்கள், விழுந்து செத்தும் போயிருக்கிறார்கள். 1930களில் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். ஆனால் பக்கத்தில் இருக்கிற தேவஸ்தான் கோயிலில் அரண்மனைப் பிராமணர்கள் இன்றும் மார்கழி, தை மாதங்களில் அந்தச் சடங்கைச் செய்கிறார்கள். அதற்குப் பேர் திரியம்பவாய், திரிபவாய். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். திருவெம்பாவை, திருப்பாவை! எங்கட தீவுப்பகுதியில் பிறந்த தனிநாயகம் அடிகள் இதைப்பற்றி எழுதியிருக்கிறார். முதலாம் வருசத்தில் ஒரு விரிவுரையில் கேட்டுக் கொப்பியில் குறித்து வைத்திருந்தேன். அந்த ஊஞ்சலின் பழைய மரங்களை எடுத்துவிட்டு, பிரே மாகாணத்திலிருந்து ஆறு தேக்குமரம் கொண்டுவந்து புதிதாக நிறுத்தியது 2007இல். நான் அதே நகரத்தில் ஒரு அறைக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்த வருசம்.

சீலோமில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர் கட்டியது. தாய்க்காரர் அதை வாட் கெக் என்பார்கள். 2007இல் நான் பார்த்த ஒரே 'காட்சி' அதுதான், ஒரு வெள்ளிக்கிழமை பயந்து பயந்து போய் வந்தேன். இப்ப போனால் தமிழரைவிடத் தாய்ச் சனம்தான் மாலையும் தேங்காயுமாக நிற்கிறது. அங்கிருந்து லும்பினிப் பூங்கா கிட்ட. குளக்கரையில் கபரக்கொய்யாக்கள் முதலை அளவில் ஆறுதலாக நடந்து திரியும். காசில்லாமல் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல காட்சி கிடையாது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் குசினிக்காரன் என்று சொல்லி என்ன பிரயோசனம். பின்னேரம் யாவராட் சீனத்தெருவுக்குப் போங்கள். ஒரு மனிசி, ஒரு அடுப்பு, ஒரு தாச்சி. ஓடர் எடுப்பதும் அவதான், வெட்டுவதும் வதக்குவதும் காசு வாங்குவதும் அவதான். பாரிசில் நாலு பேர் சத்தம் போட்டுச் செய்கிற வேலை. மிச்லின்காரர் முதல் பாங்கொக் கையேட்டை 2017 கடைசியில் விட்டபோது, ஜெய் ஃபாய் என்ற தெருக்கடைச் சமையல்காரம்மாவுக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்தார்கள். அங்கே வரிசையும் விலையும் எங்களுக்குச் சரிவராது. பேர் தெரியாத அம்மாமார் போட்ட மீன் கஞ்சியும், மாம்பழத்தோடு தேங்காய்ப்பால் விட்ட ஒட்டரிசிச் சோறும் எங்களுக்குக் காணும்.

கடைசி நாள் மகளை மட்டும் கூட்டிக்கொண்டு ஒன்னுட்டுக்கு வான்ரயிலில் போனேன். இப்ப பாதை அதையும் தாண்டிக் கனதூரம் போகிறது. அந்தக் கட்டிடம் அப்படியே நிற்கிறது. நாலாம் மாடி யன்னலைக் காட்டி, படகில் கேட்ட கேள்விக்கு மறுமொழி சொன்னேன். அந்தப் பொடியனைப் பற்றியும் சொன்னேன். பதின்மூன்று வயசுப் பிள்ளை. "ஆத்தைப் பாக்கப் போனதுக்கா பிடிச்சவை?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

தாய்லாந்து 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்து வைக்காத நாடு. ஐநா அகதி என்று காட் கொடுத்தாலும் அது அங்கே நிற்க உரிமை தராது. ஆட்களைத் தெரிந்தெடுத்துப் பாதுகாக்க 2019இல் ஒரு விதி எழுதி, 2023இல் நடைமுறைக்கு விட்டிருக்கிறார்கள். அதையும் உடன்படிக்கையையும் ஒன்றாக நினைக்கக்கூடாது. 2010இல் தாய்லாந்துக் கரையிலிருந்து வெளிக்கிட்ட சன் சீ கப்பலில் கனடா போய்ச் சேர்ந்த 492 பேரும் எங்கட ஆட்கள்தான். 2019இல் மட்டும் கிட்டத்தட்ட 4 கோடி வெளிநாட்டவர் அந்த நாட்டுக்குச் சுற்றிப் பார்க்க வந்தார்கள். வாசல் ஒன்றுதான், வித்தியாசம் கையிலிருக்கிற கடதாசி.

நகரத்தில் பிழையில்லை. ஆறு எங்களையும் வைத்துக்கொண்டுதான் ஓடியது, நாங்கள்தான் பார்க்க முடியாமல் இருந்தோம். ஆகையால் கடைக்குள் இரண்டு நாளைத் தொலைக்கிறவர்களுக்கு நான் சொல்வது: தெருவில் பயமில்லாமல் நடப்பதற்கு உங்களிடம் இருக்கிற அந்தக் கடதாசிக்காகக் காணி விற்ற சனம் நாங்கள். அதைக் குளிரூட்டின கடைக்குள் வீணாக்காதீர்கள். படகில் ஏறுங்கள், நடவுங்கள். பிள்ளைகள் கேட்டால் எங்கட ஆட்கள் அங்கே எப்படி இருந்தார்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். இன்றும் அந்த நகரத்தில் ஏதோ ஒரு நாட்டு அகதி யன்னலால் வான்ரயிலை எண்ணிக்கொண்டிருப்பான் என்பதையும் சொல்லுங்கள்.

அங்கே அடைபட்டிருந்தவர்களுக்கு நான் சொல்வது: ஒருக்கா திரும்பப் போய் வாருங்கள். அந்த அறையை மட்டும் பாங்கொக் என்று மனசில் வைத்துக்கொண்டு சாகவேண்டாம்.

குசினி அண்ணை இன்னும் ஓம் என்று சொல்லவில்லை. போன கிழமை வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றவர் திடீரென்று, "அந்த ஆத்து வள்ளத்துக்கு எவ்வளவு எண்டனீ?" என்று கேட்டார்.

"இருபது பாத்தும் வராது அண்ணை" என்றேன்.